அவையல்கிளவியும் மதுவிடுதியும்: ஆங்கிலப் பப்புகளில் வசைச்சொல் தடை குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

இங்கிலாந்தின் யார்க்சயர் பகுதியில் டாட்காஸ்டர் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட சாமுவேல் சுமித் பீர் ஆலை, 2017ஆம் ஆண்டு ஏப்ரலில் தனக்குரிய பப்புகள் அனைத்திலும் வசைச்சொற்களைத் தடைசெய்தது. பொதுவிடத்தில் பேசத்தகாத சொல்லைப் பொறுத்துக்கொள்ளலாமா என்ற வினாவை இத்தடை கூர்மையாக எழுப்புகிறது. அவ்வினாவைத் தொல்காப்பியம், நன்னூல் ஆகிய இலக்கண நூல்களின் அவையல்கிளவி, இடக்கரடக்கல், குழூஉக்குறி ஆகிய கருத்தாக்கங்களின் துணையோடு இக்கட்டுரை ஆராய்கிறது. சொல்லின் இழிவு சொல்லில் இல்லை, அவையில் உள்ளது என்ற இலக்கணப் பார்வையை ஏற்கும் இக்கட்டுரை, அவ்வவையை அமைப்பவர் யார், அதைவிட்டு வெளியேற இயலாதவர் யார் என்ற இரு வினாக்களை அதனோடு இணைக்கிறது. இடக்கரையும் வசையையும் ஒன்றெனக் கொள்ளும் தடை, காக்க வேண்டியவரைக் காக்கத் தவறுகிறது என்பதே கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: அவையல்கிளவி, இடக்கரடக்கல், வசை, பப், பொதுவெளி, பணியாளர்

முன்னுரை

பப் என்பது 'பப்ளிக் ஹவுஸ்' என்ற தொடரின் சுருக்கம். பொதுவில்லம் என்று அதனைத் தமிழாக்கலாம். பொது, இல்லம் என்ற இரு சொற்களும் எதிரெதிர்த் திசையில் இழுப்பவை. இல்லத்தில் மனிதர் தம் இயல்பில் பேசுவர். பொதுவில் பிறர் செவிக்கு அஞ்சிப் பேசுவர். இவ்விரண்டும் ஒரே கூரையின்கீழ் வாழும் இடத்தில் வசைச்சொல் எழும்போது, அதனை இல்லத்தின் நெறியால் அளப்பதா, பொதுவின் நெறியால் அளப்பதா என்ற சிக்கல் தோன்றுகிறது.

தமிழ் இலக்கண மரபு இச்சிக்கலை அறியாதது அன்று. எந்தச் சொல்லை எங்கே மறைக்க வேண்டும் என்பதைத் தொல்காப்பியம் விதித்துள்ளது. தனிக்குழுவினர் தமக்குள் வழங்கும் சொல்லையும் வழக்கின் ஒரு வகையாக நன்னூல் ஏற்றுள்ளது. குழூஉக்குறிக்கு நன்னூல் உரைமரபு தரும் எடுத்துக்காட்டுகளுள் ஒன்று இங்குக் கருதத்தக்கது. வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்று வழங்கினர் என்பதே அது. கள்ளுக்கு நிறத்தாலோ சுவையாலோ மயக்கத்தாலோ பெயர் சூட்டாமல், அது பேச்சை வெளிக்கொணரும் செயலால் பெயர் சூட்டியிருக்கின்றனர். உள்ளத்தில் மறைத்தது கள்ளுண்டபின் வெளிப்படும் என்று திருக்குறளின் கள்ளுண்ணாமை அதிகாரமும் கூறுகிறது. மதுவும் கட்டவிழ்ந்த சொல்லும் ஒன்றையொன்று தொடர்வன என்ற புரிதல் தமிழில் தொன்மையானது. எனவே ஆங்கிலப் பப்பு ஒன்றின் விதியைத் தமிழ் இலக்கணக் கருத்தாக்கத்தால் வாசிப்பது வலிந்து பொருத்துவதாகாது.

தடையும் அதன் தர்க்கமும்

1758இல் தொடங்கிய சாமுவேல் சுமித் நிறுவனம் தனியார் குடும்பத்தின் உடைமை. இங்கிலாந்தில் 200க்கும் மேற்பட்ட பப்புகள் அதன் ஆளுகையில் இருந்தன. தனது பீரைக் குறைந்த விலைக்கு விற்பதால் உழைக்கும் மக்கள் பலர் அதன் வாடிக்கையாளர்கள். வசைச்சொல் பேசுவோருக்குப் பரிமாறக் கூடாது என்ற ஆணை 2017இல் மேலாளர்களுக்கு அனுப்பப்பட்டது. இது தனித்த ஆணை அன்று. 2004இல் பப்புகளில் இசை நிறுத்தப்பட்டது. 2019இல் கைப்பேசி, மடிக்கணினி ஆகியவற்றின் பயன்பாடு தடைசெய்யப்பட்டது. மூன்றையும் சேர்த்து நோக்கினால், மனிதர் நேருக்கு நேர் அமர்ந்து அமைதியாக உரையாடும் இடமாகப் பப்பைப் பேணும் கருத்து ஒன்று புலப்படுகிறது.

இக்கருத்துக்கு மதிப்புமிக்க முன்னோடிகள் உண்டு. ஜார்ஜ் ஆர்வெல் 1946இல் ஈவ்னிங் ஸ்டாண்டர்ட் இதழில் தம் கற்பனையில் உருவான நிறைவான பப்பு ஒன்றைப் பற்றி எழுதினார். வானொலியும் பியானோவும் இன்றிப் பேசுவதற்கேற்ற அமைதி நிலவுவது அதன் சிறப்புகளுள் ஒன்று. வீடும் பணியிடமும் அல்லாத 'மூன்றாம் இடம்' பற்றி 1989இல் விரிவாக எழுதிய ரே ஓல்டன்பர்க், உரையாடலே அத்தகைய இடத்தின் முதன்மைச் செயல் என்றார். ஆகவே இத்தடையை ஒரு முதலாளியின் விந்தையான பிடிவாதம் என்று ஒதுக்கிவிட இயலாது. உரையாடலைக் காப்பதற்கு உரையாடலின் ஒரு பகுதியை வெட்டலாம் என்ற தர்க்கம் அதில் உள்ளது. அத்தர்க்கமே ஆய்வுக்குரியது.

அவையல்கிளவி: சொல்லா, அவையா?

அவையில் வழங்கத்தகாத சொல்லை மறைத்துச் சொல்ல வேண்டும் என்பது தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் எச்சவியல் கூறும் விதி. அத்தகைய சொல்லை 'அவையல்கிளவி' என்று தொல்காப்பியர் பெயரிடுகிறார். இழிசொல் என்றோ தீச்சொல் என்றோ அவர் கூறவில்லை என்பது நோக்கத்தக்கது. 'அவைக்கு அல்லாத சொல்' என்ற பெயரே குற்றத்தைச் சொல்லின் உள்ளே வைக்காமல், சொல்லுக்கும் இடத்துக்கும் உள்ள பொருத்தமின்மையில் வைக்கிறது. அதே சொல் அவைக்குப் புறத்தே குற்றமாகாது என்பது இதிலிருந்து பெறப்படும். நன்னூலார் இதனை இடக்கரடக்கல் என்று தகுதி வழக்கின் மூன்று வகைகளுள் ஒன்றாக வைத்தார். மங்கலமும் குழூஉக்குறியும் ஏனைய இரண்டு. அவை நோக்கி அடக்கப்படும் சொல்லும், குழுவுக்குள் வழங்கும் சொல்லும் ஒரே தலைப்பில் அடங்குவது பொருள் பொதிந்தது. இரண்டிலும் கேட்போர் யார் என்பதே சொல்லைத் தீர்மானிக்கிறது.

தொல்காப்பியர் இதனோடு நிற்கவில்லை. அடுத்த நூற்பாவில், மறைக்கும்போது வழக்கில் மருவி நிலைபெற்றுவிட்டவற்றை விலக்கிவிட வேண்டும் என்று வரையறை செய்கிறார். விலங்குகளின் கழிவைக் குறிக்கும் ஆப்பி, பிழுக்கை போன்ற சொற்களை உரையாசிரியர்கள் இதற்குக் காட்டுவர். பொருள் இடக்கராயினும், நாளும் புழங்கித் தேய்ந்த சொல் மறைத்தலுக்குரிய கூர்மையை இழந்துவிடுகிறது. எனவே அவையல்கிளவி என்பது நிலையான பட்டியல் அன்று. காலமும் புழக்கமும் அதனை மாற்றிக்கொண்டே இருக்கின்றன.

ஆங்கில வசைச்சொற்களின் வரலாறு இவ்வரையறைக்கு உரை எழுதியதுபோல் அமைந்துள்ளது. பெர்னார்ட் ஷாவின் 'பிக்மாலியன்' நாடகம் 1914 ஏப்ரலில் இலண்டனில் அரங்கேறியபோது, கதைத்தலைவி எலைசா ஒரு தேநீர் விருந்தில் 'பிளடி' என்ற சொல்லை உதிர்த்தது பெரும் பரபரப்பை விளைவித்தது. இன்று அச்சொல் மென்மையான வசையாகவே கருதப்படுகிறது. அந்நாடகக் காட்சியின் சுவை சொல்லில் மட்டும் இல்லை. மேட்டுக்குடியின் விருந்தறையில், மேட்டுக்குடியின் உச்சரிப்பில், தெருவின் சொல் ஒலித்ததே சுவைக்குக் காரணம். அவையும் கிளவியும் மோதிய இடம் அது.

நீதிமன்றமும் இதே பாதையில் சென்றுள்ளது. பிரித்தானியாவின் 1986ஆம் ஆண்டுப் பொது ஒழுங்குச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, பிறருக்குத் தொல்லையோ அச்சமோ மனவேதனையோ ஏற்படக்கூடிய வகையில் பேசுவதைக் குற்றமாக்குகிறது. காவலர் முன் வசைச்சொல் பேசிய ஒருவர் மீதான தண்டனையை 2011இல் உயர்நீதிமன்றம் நீக்கியது. காவலர்கள் அன்றாடம் கேட்கும் சொல்லால் அவர்கள் வேதனையுற்றனர் என்று தானாகவே கொள்ள இயலாது என்பது அத்தீர்ப்பின் சாரம். மருவியதை விலக்குக என்ற நூற்பாவின் நெறியும் இதுவே. பின்னர் 2014 பெப்ரவரியில், 'இழிவுபடுத்தும்' என்ற சொல்லும் அப்பிரிவிலிருந்து நீக்கப்பட்டது. அச்சுறுத்தலும் கடும் வசையும் மட்டுமே எஞ்சின.

சுவர்கள் இருந்த பப்

அவைதான் சொல்லின் தகுதியைத் தீர்மானிக்கிறது என்றால், பப் எத்தகைய அவை என்று கேட்க வேண்டியுள்ளது. இதற்கு ஒற்றை விடை இல்லை. ஏனெனில் பழைய பப் ஓர் அவையாக இருக்கவில்லை. மாஸ் அப்சர்வேசன் என்ற ஆய்வுக் குழு 1930களின் இறுதியில் போல்ட்டன் நகரப் பப்புகளை ஆராய்ந்து, 1943இல் 'தி பப் அண்ட் த பீப்பிள்' என்ற நூலை வெளியிட்டது. ஒரே பப்புக்குள் வால்ட், டேப்ரூம், லவுஞ்ச் எனப் பல அறைகள் இருந்ததை அந்நூல் விரிவாகப் பதிவுசெய்கிறது. வால்ட்டில் தொழிலாளி ஆண்கள் நின்றுகொண்டு குடித்தனர். வால்ட்டும் டேப்ரூமும் பெண்களுக்கு விலக்கப்பட்டவை. லவுஞ்சில் இருக்கைகள் நயமானவை. விலையும் சற்றுக் கூடுதல். பெண்கள் அங்கே அமரலாம். நடத்தை நெறியும் அறைக்கு அறை வேறுபட்டது.

அதாவது ஒரே கூரையின்கீழ்ப் பல அவைகள் இருந்தன. ஓர் அறையின் அவையல்கிளவி மற்றோர் அறையில் இயல்பு வழக்கு. வசையைப் பொறுப்பதா என்ற வினா எழாதபடி சுவர்களே விடை கூறின. 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இச்சுவர்கள் பெருமளவில் இடிக்கப்பட்டு, பப் ஒற்றைக் கூடமாயிற்று. குடும்பங்களும் குழந்தைகளும் உணவுக்காக வரத் தொடங்கினர். பல அவைகளின் மக்கள் ஒரே அவையில் அமர்ந்தபோது யாருடைய செவி அளவுகோல் என்ற பூசல் எழுந்தது. 2017ஆம் ஆண்டின் தடை இப்பூசலுக்கு ஒரு தீர்வு: கூடம் முழுவதையும் லவுஞ்சாக அறிவித்துவிடுவது.

இத்தடையை எதிர்ப்போர் பலர் பழைய வால்ட்டின் சுதந்திரத்தை நினைவூட்டுவர். அச்சுதந்திரத்தின் விலையை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. ஆண்கள் கட்டற்றுப் பேசப் பெண்கள் வெளியே நிற்க வேண்டியிருந்தது. பெண்களின் செவியைக் காப்பது என்ற நயமான காரணமே அவர்களை விலக்கப் பயன்பட்டது. இலண்டனின் பிளீட் தெருவில் எல் வினோ என்ற மதுவகம் பெண்கள் மேடையருகே நின்று மது வாங்க அனுமதிக்கவில்லை. அமர்ந்தால் மேசைக்குக் கொண்டுவந்து தருவோம் என்றது. இது 1975ஆம் ஆண்டுப் பாலினப் பாகுபாட்டுச் சட்டத்துக்கு முரணானது என்று 1982இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. செய்தியாளர்கள் கூடும் அம்மேடையில் பெறப்படும் செய்திகளையும் பெண்கள் இழந்தனர் என்பது அவ்வழக்கின் உயிர்நாடி. காப்பு என்ற பெயரில் விலக்கு நிகழ்ந்ததற்கு இது சான்று. ஆகவே வால்ட்டின் சுதந்திரமும் லவுஞ்சின் நாகரிகமும் ஒரே சுவரின் இரு பக்கங்கள்; ஒன்றைப் போற்றி மற்றொன்றைத் தூற்றுவது முழுமையான பார்வை ஆகாது.

தண்டத்தின் வரலாறு: சொல்லும் வர்க்கமும்

வசைக்குத் தடை விதிக்கும் ஆணை எவரை நோக்கியது என்பதை அதன் வரலாறு காட்டும். இங்கிலாந்தில் 1745ஆம் ஆண்டு நிறைவேறிய ஆணைமொழித் தடைச்சட்டம், இறைவன் பெயரால் ஆணையிட்டு வைவோருக்குத் தண்டம் விதித்தது. நாட்கூலித் தொழிலாளி, படைவீரர், மாலுமி ஆகியோருக்கு 1 சில்லிங். கனவான் நிலைக்குக் கீழ்ப்பட்ட ஏனையோருக்கு 2 சில்லிங். கனவானுக்கும் அவருக்கு மேற்பட்டோருக்கும் 5 சில்லிங். உயர்ந்தோருக்குக் கூடுதல் தண்டம் என்பதால் இது நேர்மையானதாகத் தோன்றலாம். ஆனால் 5 சில்லிங் கனவானின் செலவுக் கணக்கில் ஒரு வரி. 1 சில்லிங்கோ அன்றைய நாட்டுப்புறத் தொழிலாளர் பலருக்கு ஏறத்தாழ ஒரு நாள் கூலி. தண்டம் கட்ட இயலாத தொழிலாளி சீர்திருத்தச் சிறையில் கடும் உழைப்புக்கு உட்பட வேண்டும். இச்சட்டம் 1967 வரை நீக்கப்படவில்லை.

ஆங்கில வசைமொழி பற்றி 2006இல் நூல் எழுதிய மொழியியலறிஞர் டோனி மெக்கனெரி, 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றிய ஒழுக்கச் சீர்திருத்தச் சங்கங்களை இவ்வரலாற்றின் திருப்புமுனையாகக் காண்கிறார். தூய மொழி நடுத்தர வர்க்கத்தின் அடையாளமாகவும், வசை அதற்குக் கீழ்ப்பட்டோரின் அடையாளமாகவும் வடிவம் பெற்றது அக்காலத்தில்தான் என்பது அவர் வாதம். இவ்வாதத்தை முழுதும் ஏற்காவிடினும் ஓர் உண்மையை மறுக்க இயலாது. வசைச்சொல் தடை நடுநிலையான விதியாக எழுதப்படும். ஆனால் பேச்சுநடையிலேயே அச்சொற்கள் கலந்துள்ள மக்கள்மீதே அது மிகுதியாகப் பாயும். குறைந்த விலைக்குப் பீர் வழங்கித் தொழிலாளரை ஈர்த்த நிறுவனம், அவர்தம் பேச்சை வாசலில் விட்டுவரச் சொல்வது முரணே ஆகும்.

இடக்கரும் வசையும்

தடையின் அடிப்படைக் குறை, அது இருவேறு செயல்களை ஒன்றாகக் கருதுவதில் உள்ளது. தமிழில் இவற்றுக்குத் தனித்தனிச் சொற்கள் உள்ளன. இடக்கர் என்பது வெளிப்படையாகச் சொல்லக் கூசும் சொல். வசை என்பது ஒருவர்மீது செலுத்தப்படும் பழி. இடக்கருக்குச் சொல்வோரும் சொல்லும் போதும். வசைக்கு இலக்கு ஒன்று வேண்டும். இடக்கர் வசையாகலாம், வசை இடக்கராக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நயமான சொற்களால் ஒருவரைச் சிதைக்க இயலும்.

காற்பந்தாட்டத்தில் தன் அணி வாய்ப்பைத் தவறவிட்டபோது ஒருவர் உதிர்க்கும் சொல்லுக்கு இலக்கு இல்லை. அதன் பயன்பாடு உணர்ச்சியின் வடிகால். கீல் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் ஸ்டீபன்சும் அவர் குழுவினரும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், பனிநீரில் கையை வைத்திருந்தவர்கள் வசைச்சொல்லைச் சொன்னபோது நெடுநேரம் வலி பொறுத்தனர் என்று கண்டனர். இலக்கற்ற வசைச்சொல் உடல்மீது ஆற்றும் செயலை இது காட்டுகிறது. மறுபுறம், பரிமாறும் பெண்ணை நோக்கி ஒருவர் தடைசெய்யப்பட்ட சொல் ஒன்றையும் பயன்படுத்தாமல், அவள் உடலைப் பற்றி நயமான தொனியில் கருத்துரைக்கலாம். இங்கே இடக்கர் இல்லை, இழிவு உண்டு. சொல்லை அளக்கும் விதி முன்னவரை வெளியேற்றும். பின்னவருக்கு அடுத்த குவளையை ஊற்றும்.

பொதுமக்களின் மதிப்பீடும் இவ்வேறுபாட்டை நோக்கி நகர்ந்துள்ளது. பிரித்தானிய ஒலிபரப்பு ஒழுங்காற்று அமைப்பான ஆஃப்காம், புண்படுத்தும் மொழி குறித்த ஆய்வுகளை 2016இலும் 2021இலும் வெளியிட்டது. பாலுறுப்பு, உடற்கழிவு சார்ந்த பொதுவான வசைச்சொற்களைவிட, இனம் முதலிய அடையாளங்களை இழிவுபடுத்தும் சொற்களையே மக்கள் கடுமையாகக் கருதினர் என்பது அவற்றால் புலப்பட்டது. இடக்கர் மருவித் தேய்கிறது. வசையின் முனை மழுங்கவில்லை.

அவையைவிட்டு வெளியேற இயலாதவர்

அவை என்ற கருத்தாக்கத்தை இன்றைய பப்புக்குப் பொருத்தும்போது ஓர் எச்சரிக்கை தேவை. இலக்கணம் கூறும் அவை சான்றோர் அவை. திருக்குறளின் அவையறிதல் அதிகாரமும் கற்றோர் கூடிய அவையையே முதன்மையாகக் கருதுகிறது. அப்பொருளிலேயே பப்பை அவை என்றால், மேலோர் செவியே அளவுகோல் என்ற பழைய தண்டச் சட்டத்துக்கே திரும்ப நேரும். எனவே அவை என்பதை மதிப்பால் வரையறுக்காமல் இருப்பால் வரையறுக்க வேண்டும். கேட்கும் தொலைவில் இருப்போர் அனைவரும் அவையினரே.

அவ்வாறு வரையறுத்தால் அதுவரை கண்ணில் படாத ஒருவர் அவையில் தோன்றுகிறார். அவர் மேடைக்குப் பின்னால் நிற்கும் பணியாளர். வாடிக்கையாளருக்குப் பேச்சு பிடிக்காவிடில் குவளையை வைத்துவிட்டு வெளியேறலாம். அடுத்த தெருவில் வேறு பப் உண்டு. பணியாளர் பணிநேரம் முடியும்வரை வெளியேற இயலாது. அவர் புன்னகையும் ஊதியத்தின் ஒரு பகுதியாக எதிர்பார்க்கப்படுகிறது. பொறுத்துக்கொள்ளலாமா என்று நாம் கேட்கும்போது, பொறுத்துக்கொள்ளப் போவது யார் என்பதைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

சட்டம் இவரை இடையிடையே நினைவுகூர்ந்துள்ளது. 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம், வாடிக்கையாளர் போன்ற மூன்றாம் தரப்பினர் பணியாளரைத் தொடர்ந்து துன்புறுத்துவதை அறிந்தும் தடுக்காத முதலாளியைப் பொறுப்பாக்கியது. அப்பகுதி 2013இல் நீக்கப்பட்டது. பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க நியாயமான நடவடிக்கை எடுக்கும் கடமை 2024 அக்டோபர் முதல் முதலாளிகள்மீது சுமத்தப்பட்டது. அதே மாதத்தில் அறிமுகமான வேலையுரிமை மசோதா, மூன்றாம் தரப்புத் துன்புறுத்தலுக்கான பொறுப்பை மீண்டும் விரிவாகக் கொண்டுவர முனைந்தது. பப்பின் கேலிப் பேச்சுக்கே இது முடிவு கட்டிவிடும் என்ற எதிர்ப்பு உடனே எழுந்தது. அவ்விவாதத்தில் கேலி பேசுவோரின் சுதந்திரம் உரக்கப் பேசப்பட்டது; கேலிக்கு இலக்காகி, சிரிக்கவும் வேண்டியிருப்பவரின் நிலை குறைவாகவே பேசப்பட்டது.

மறுப்புகளும் விடைகளும்

இப்பார்வைக்கு மூன்று மறுப்புகள் எழக்கூடும். முதலாவது, எளிமை பற்றியது. சொற்பட்டியல் தெளிவானது, திசையையும் நோக்கத்தையும் ஆராய்வது நெரிசலான இரவில் பணியாளரால் இயலாது என்பர். இதில் உண்மை உண்டு. ஆயினும் முழுத்தடை பணியாளரின் சுமையைக் குறைக்கவில்லை. தமக்குள் பேசிக்கொள்ளும் இருவரின் சொல்லுக்காக அவர்களை அணுகி மதுவை மறுக்குமாறு அது ஆணையிடுகிறது. எவரையும் புண்படுத்தாத பேச்சு, பணியாளருக்கும் மது அருந்தியவருக்கும் இடையிலான பூசலாக மாறுகிறது. காக்கவென்று இயற்றிய விதி, காக்கப்பட வேண்டியவரையே காவலராக்கி முன்னிறுத்துகிறது. தன்மீது செலுத்தப்பட்ட சொல்லை அடையாளம் காண்பதோ எவருக்கும் கடினமன்று.

இரண்டாவது, குழந்தைகள் பற்றியது. உணவு பரிமாறும் பப்புக்குக் குழந்தைகள் வருகின்றனர். இலக்கற்ற சொல்லும் அவர்கள் செவியில் விழுகிறது. இது வலிமையான மறுப்பு. அவையினர் மாறினால் கிளவியும் மாற வேண்டும் என்பதே அவையல்கிளவியின் உட்பொருள் என்பதால், இக்கட்டுரை இதனை ஏற்கிறது. ஆனால் இதற்குரிய தீர்வு எல்லாப் பப்புகளுக்கும் எல்லா நேரத்துக்கும் ஒரே ஆணை அன்று. உணவுவேளையில், குடும்பங்கள் அமரும் பகுதியில் குரலைத் தாழ்த்தச் சொல்வது பப்பின் பழைய அறைமுறையை, அதன் பாலின விலக்கின்றி மீட்பதாகும்.

மூன்றாவது, உடைமை பற்றியது. தன் இடத்தில் எவருக்குப் பரிமாறுவது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை பப்பின் உரிமையாளருக்கு உண்டு. சட்டம் பாதுகாக்கும் அடையாளங்களின் அடிப்படையில் விலக்காதவரை அது செல்லும். இவ்வுரிமையை மறுக்க வேண்டியதில்லை. உரிமை உண்டு என்பது வேறு, அதனைப் பயன்படுத்திய முறை நன்று என்பது வேறு. பொதுவில்லம் என்ற பெயரைத் தாங்கிய இடத்தில் அவையின் நெறியை அவையினருள் ஒருவர்கூட வகுக்கவில்லை. தொலைவிலிருந்த உடைமையாளர் வகுத்தார் என்பதே திறனாய்வுக்குரியது.

தமிழ்ச்சூழலுக்கான பொருத்தம்

இவ்வேறுபாடு நமக்கும் அயலானது அன்று. காலனிய ஆட்சியில் உருவான இந்திய தண்டனைச் சட்டத்தின் 294(ஆ) பிரிவு, பொதுவிடத்தில் ஆபாசச் சொல் பேசிப் பிறருக்கு எரிச்சலூட்டுவதைக் குற்றமாக்கியது. 2024 சூலை முதல் பாரதிய நியாய சன்கிதாவின் 296ஆம் பிரிவாக அது தொடர்கிறது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற மதனகோபால் வழக்கில், வெறும் வசைச்சொல் அப்பிரிவின்கீழ்க் குற்றமாகப் போதாது என்று உச்சநீதிமன்றம் 2022இல் தெளிவுபடுத்தியது. இது இடக்கரை அளவுகோலாகக் கொண்ட சட்டம்.

1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் அளவுகோல் வேறு. பொதுப்பார்வைக்கு உட்பட்ட இடத்தில் பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ சாதிப்பெயரால் வைவது அதன்படி குற்றம். சாதிப்பெயர் இடக்கர்ச் சொல் அன்று. அரசு ஆவணங்களில் அச்சிடப்படுவது. ஒருவரை நோக்கிச் செலுத்தும்போது அது வசையாகிறது. சொல்லின் கூச்சத்தை அளக்காமல் அதன் திசையையும் இலக்கின் நிலையையும் அளக்கும் இச்சட்டம், யார்க்சயரின் ஆணையைவிட மொழியின் இயல்பை நன்கு உணர்ந்தது எனலாம். தமிழ் வசைகளைத் தொகுத்து ஆராயும் முயற்சிகளும் சொற்களை ஆபாசத்தின் அளவால் வகைப்படுத்துவதோடு நின்றுவிடாமல், எவரிடமிருந்து எவரை நோக்கி, எந்த அவையில் என்ற வினாக்களையும் வகைப்பாட்டின் அடிப்படையாக்க வேண்டும்.

முடிவுரை

மதுவிடுதியில் வசைச்சொல்லைப் பொறுக்கலாமா என்ற வினாவை இடக்கரைப் பொறுக்கலாமா, வசையைப் பொறுக்கலாமா என இரண்டாகப் பிரிப்பது இன்றியமையாதது. இடக்கர் அவையைப் பொறுத்தது, காலத்தால் மருவுவது, அவையினர் தமக்குள் ஒத்திசைந்து தீர்த்துக்கொள்ளத்தக்கது. அதனைத் தண்டத்தாலும் விலக்காலும் தீர்க்க முயன்ற வரலாறு, எளியோரின் பேச்சைக் குற்றமாக்கிய வரலாறாகவே அமைந்தது. வசையோ இலக்கைப் பொறுத்தது. வெளியேற இயலாத ஒருவர்மீது அது செலுத்தப்படும்போது, சொல் எவ்வளவு நயமானதாயினும் அதனைப் பொறுக்குமாறு கோர எவருக்கும் உரிமை இல்லை.

சாமுவேல் சுமித் நிறுவனத்தின் தடை முன்னதைக் கடிந்து பின்னதைக் காணாது விட்டது. அதனை எதிர்த்தோருள் பலர் முன்னதன் பெயரால் பின்னதையும் காக்க முனைந்தனர். இருசாராரும் சொல்லையே நோக்கினர். கள்ளுக்குச் சொல்விளம்பி என்று பெயரிட்டவர்கள், மது வாயைத் திறக்கும் என்பதை அறிந்திருந்தனர். திறந்த வாயிலிருந்து வரும் சொல் எவர்மீது சென்று விழுகிறது என்பதை அறிய, மேடைக்குப் பின்னால் நிற்பவரைக் கேட்க வேண்டும்.